பண்டகசாலைகளும் கலைக்கூடங்களும்

துறைமுகப் பட்டினங்களின் வாழ்வும் தாழ்வும் கப்பல்களின் போக்கைப் பொறுத்தவை. கப்பல்கள் வந்துபோகும் காலத்தில் கரையோரப் பண்டகசாலைகள் நிறைந்திருக்கும். சுங்க அலுவலரும் தரகரும் சுமை தூக்குவோரும் சத்திரம் நடத்துவோரும் அவற்றைச் சூழ்ந்து வாழ்வர். கப்பல்கள் ஆழமான வேறொரு துறையை நாடிச் சென்றுவிட்டால் மனிதரும் மெல்ல மெல்ல அகன்றுவிடுவர். தடித்த சுவர்களும் உயர்ந்த கூரைகளும் பூட்டிய கதவுகளும் மட்டுமே எஞ்சும்.

இத்தகைய வெறுங்கட்டடங்களிற் கலை குடிபுகுந்த வரலாறு கடந்த அரை நூற்றாண்டில் உலகின் பல இடங்களிலும் நிகழ்ந்துள்ளது. இத்தாலி தேசத்து வெனிசு நகரத்தின் பழைய கப்பல்கட்டும் தளத்திலே, கப்பற் கயிறு திரிப்பதற்கென அமைந்த நெடுமண்டபம் ஒன்று உண்டு. 1980ஆம் ஆண்டில் அம்மண்டபம் கட்டடக்கலைக் கண்காட்சிக்குத் திறந்துவிடப்பட்டது. அதன்பின் மரக்கலத் தளங்களும் சரக்கறைகளும் மின்நிலையங்களும் கலைக்கூடங்களாகும் வழக்கம் நாடுதோறும் பரவியது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது? அதனால் விளையும் நன்மை யாது, தீமை யாது? மன்னார்க் கரை இதிலிருந்து கற்றுக்கொள்ளத் தக்கது யாது? இவ்வினாக்கள் ஆராயத் தக்கன.

இம்மாற்றத்தை அருகிற் காண விரும்புவோருக்கு ஏற்ற இடம் கேரள நாட்டின் கொச்சித் துறையாகும். கொச்சிக்கும் மன்னாருக்கும் உள்ள ஒப்புமை வியப்புக்குரியது. போர்த்துக்கேயர் கொச்சியில் 1503ஆம் ஆண்டிலும் மன்னாரில் 1560ஆம் ஆண்டிலும் கோட்டை கட்டினர். 1658ஆம் ஆண்டில் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தத் தளபதி வன் கூன்ஸ் என்பவரே 1663ஆம் ஆண்டிற் கொச்சியையும் கைப்பற்றினார். இவ்விரு துறைகளும் ஆங்கிலேயர் வசமானது 1795ஆம் ஆண்டு ஒன்றிலேயே. எனவே, ஒரே மூன்று ஆட்சிகளின் சுவடுகள் இரு கரைகளிலும் பதிந்துள்ளன என்பது மிகையன்று.

கொச்சியின் பழைய கரை வெறுமையுற்ற காரணம் தெளிவானது. துறைமுகத்தின் வாயிலிலே கிடந்த மணற்றிட்டுப் பெருங்கப்பல்களைத் தடுத்து வந்தது. 1920ஆம் ஆண்டில் அங்கு வந்த ஆங்கிலப் பொறியியலாளர் றொபேட் பிறிஸ்ரோ அத்திட்டைத் தோண்டி வழி திறந்தார். தோண்டிய மண்ணைக் கொண்டு காயலின் நடுவே வெலிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. கப்பல்கள் புதிய தீவை நாடின. கோட்டைக் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் மிளகு, இஞ்சி, கயிறு ஆகியவற்றைச் சேமித்த பண்டகசாலைகள் நாளடைவிற் பயனிழந்தன. அவற்றுட் பெரியது, 1867ஆம் ஆண்டில் தொடங்கிய அஸ்பின்வால் என்னும் வணிக நிறுவனத்தின் கடலோர மாளிகையாகும். அலுவலகமும் சரக்கறைகளும் குடியிருப்பும் ஒரே மதிலுள் அமைந்த வளாகம் அது.

போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்னும் இரு கலைஞர்கள் கேரள அரசின் துணையோடு இக்கட்டடங்களிற் பெருங்கண்காட்சி நடத்த முனைந்தனர். 2012ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆம் திகதி முதற் கண்காட்சி திறக்கப்பட்டது. கொச்சிக்கு முன்னர் அந்நாட்டின் பெருந்துறையாக விளங்கிய முசிறியின் பெயரையும் சேர்த்துக் 'கொச்சி–முசிறிஸ் பியெனாலே' என அதற்குப் பெயரிட்டனர். பியெனாலே என்பது ஈராண்டுக்கு ஒருமுறை நிகழ்வது எனப் பொருள்படும் இத்தாலியச் சொல். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட முசிறியைச் சங்கப் புலவர் பாடியிருத்தலைத் தமிழர் அறிவர். மறைந்த துறையின் பெயரை வாழும் துறையின் பெயரோடு இணைத்தமை பொருத்தமான செயலேயாகும்.

அங்கு செல்லும் பயணி காண்பது யாது? பெரிய நூதனசாலைகளிற் காணும் பளிங்குத் தளமும் வெண்சுவரும் அங்கு இல்லை. காரை உதிர்ந்த சுவரிலே ஓவியம் தொங்குகின்றது. சாக்குகள் அடுக்கிய அறையிலே ஒலியும் ஒளியுமாக ஒரு படைப்பு விளங்குகின்றது. சன்னலுக்கு வெளியே சரக்குக் கப்பல் ஒன்று மெல்ல நகர்கின்றது. கண்காட்சி நடைபெறும் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட காலத்திற் பாடசாலைப் பிள்ளைகளும் வீட்டுப் பெண்களும் கூலித் தொழிலாளரும் பேராசிரியரும் அடுத்தடுத்து நின்று இவற்றைக் காண்கின்றனர். கண்காட்சியைத் தொகுக்கும் பொறுப்பு ஒவ்வொரு முறையும் கலைஞரிடமே ஒப்படைக்கப்படுதல் மற்றொரு சிறப்பாகும். பிள்ளைகளின் ஓவியத்துக்கும் அங்கே தனியிடம் உண்டு.

இத்துணைச் சிறப்புக்கும் அடிப்படையாயமைந்தவை மூன்று. முதலாவது, பல கட்டடங்கள் ஒன்றற்கொன்று நடந்து செல்லத்தக்க தூரத்தில் இருந்தமை. இரண்டாவது, அரசு பணமும் ஆதரவும் அளித்தமை. மூன்றாவது, அங்கு ஏற்கெனவே ஒரு நகரம் உயிரோடிருந்தமை. மட்டாஞ்சேரியில் யூதர் தொழுகைக்கூடமும் கொங்கணியர் கோயிலும் குசராத்தியர் கடைகளும் முஸ்லிம் மக்கள் தெருக்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கலை வந்ததனால் நகரம் பிறக்கவில்லை. நகரம் இருந்தமையாலேயே கலை அங்கு வேர்கொண்டது.

எனினும் நிழலில்லாத ஒளி இல்லை. பிறர் உடைமையான கட்டடத்தை நம்பி நடத்தும் விழாவுக்கு ஆட்டங்காணும் அடித்தளமே உண்டு. 2022ஆம் ஆண்டில் இடங்கள் உரிய காலத்தில் ஆயத்தமாகாமையாற் கண்காட்சியின் தொடக்கம் டிசெம்பர் 12ஆம் திகதியிலிருந்து 23ஆம் திகதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. தொலைவிலிருந்து வந்தோர் பூட்டிய கதவுகளைக் கண்டு வருந்தினர். கடற்கரையிலுள்ள சீனவலைகளின் நிலையும் எண்ணத்தக்கது. மீன்வரவு குறைந்த இந்நாளில் அவ்வலைகளை இயக்குவோருக்குப் பார்வையாளர் தரும் கைப்பணமும் ஒரு வருவாயாகிவிட்டது. தொழில் காட்சிப்பொருளாகும் நிலை அது.

இத்தீங்கின் முதிர்ந்த வடிவத்தை இலங்கையிலேயே காணலாம். 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமைத் தலமாகப் பதியப்பட்ட காலிக் கோட்டை இன்று அழகிய தெருக்களும் ஓவியக் கடைகளும் இலக்கிய விழாவும் உடையது. சுவர்கள் காப்பாற்றப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆயின், நிலத்தின் விலை ஏறியபோது தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த குடும்பங்கள் பல தம் வீடுகளை விற்று வெளியேறின. வீடுகள் விடுதிகளாயின. கொழும்பிலுள்ள ஒல்லாந்தர் ஆசுப்பத்திரி 2011ஆம் ஆண்டிற் புதுப்பித்துத் திறக்கப்பட்டபோது கடைகளும் உணவகங்களுமே அதில் இடம்பெற்றன. பழங்கட்டடத்தைக் காப்பாற்றுதல் வேறு, அக்கட்டடத்தின் நினைவைக் காப்பாற்றுதல் வேறு என்பதை இவ்விரு உதாரணங்களும் உணர்த்துகின்றன.

இனி மன்னாரை நோக்குவோம். பெருநிலத்திலிருந்து தீவுக்குச் செல்லும் தாம்போதியில் 2010ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்ததும் மன்னார்க் கோட்டை எதிர்ப்படும். நான்கு கொத்தளங்களோடு கூடிய அக்கோட்டையை ஒல்லாந்தர் 1696ஆம் ஆண்டிலே திருத்திக் கட்டினர். ஒரு புறம் அகழியும் மறுபுறம் கடலுமாக அது விளங்குகின்றது. உள்ளே கூரையிழந்த தேவாலயமும் இடிந்த அறைகளும் நிற்கின்றன. திருக்கேதீச்சரக் கோயிலின் கற்களைக் கொண்டு போர்த்துக்கேயர் இக்கோட்டையைக் கட்டினர் என்பது வழிவழி வரும் செய்தி. ஒரு நினைவை இடித்து மற்றொரு நினைவு எழுப்பப்பட்டது என்பதை அச்சுவர்களை நோக்குவோர் மறத்தல் இயலாது.

கோட்டைக்கு அண்மையிலுள்ள பள்ளிமுனையிற் பேருருவம் கொண்ட பெருக்கமரம் ஒன்று உண்டு. அதன் அடிமரத்தின் சுற்றளவு பத்தொன்பது மீற்றருக்கு மேற்பட்டது. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பர். மன்னார்த் தெருக்களிலே தன்போக்கிற் திரியும் கழுதைகளையும் அவர்களோடே தொடர்புபடுத்துவர். கல்லிலும் ஏட்டிலும் எழுதப்படாத கடல்வணிக வரலாற்றை மரமும் விலங்கும் இவ்வாறு சுமந்து நிற்கின்றன.

அவ்வணிகத்தின் தலைவாயிலாயிருந்தது தீவுக்கு எதிரே பெருநிலத்தில் அமைந்த மாந்தை, அதாவது மாதோட்டம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அங்கே பாலாவியின் கரையில் உள்ளது. 1980ஆம் ஆண்டு முதல் 1984ஆம் ஆண்டு வரை ஜோன் காஸ்வெல் என்பாரின் தலைமையில் அங்கு அகழாய்வு நிகழ்ந்தது. சீன நாட்டுப் பீங்கானும் மேற்காசிய மட்கலங்களும் ஒரே மண்ணிலிருந்து வெளிப்பட்டன. பதினோராம் நூற்றாண்டளவில் மாந்தை துறைமுகச் சிறப்பை இழந்தது. முசிறிக்கு நேர்ந்தது மாந்தைக்கும் நேர்ந்தது. போர் மூண்டமையால் அகழாய்வும் தடைப்பட்டது.

தீவின் மேற்கு முனையான தலைமன்னார் மற்றொரு கதையைக் கூறும். 1914ஆம் ஆண்டில் அங்கு இறங்குதுறை திறக்கப்பட்டது. தனுஷ்கோடிவரை வந்த புகையிரதத்தையும் கொழும்பு செல்லும் புகையிரதத்தையும் கப்பல் இணைத்தது. 1964ஆம் ஆண்டு டிசெம்பரில் வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. 1980களில் அதுவும் நின்றது. தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த மக்கள் காலடி பதித்த துறை இது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின், இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை பெறாதோர் பல்லாயிரவர் அழுதுகொண்டு கப்பலேறியதும் இத்துறையிலேயே. 2023ஆம் ஆண்டு யூலை மாத இறுதியில், மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் கால்நடையாகச் சென்றனர். அவர்தம் முன்னோர் காட்டுவழியே நோயாலும் பசியாலும் மடிந்துமடிந்து சென்ற பாதை அது. எந்தக் கலைக்கூடமும் அளிக்கவியலாத பாடத்தை அந்நடை அளித்தது எனலாம்.

மன்னார் நகருக்குத் தெற்கே பெருநிலக் கரையில் அரிப்பு என்னும் ஊர் உள்ளது. கண்டி அரசனிடம் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்த ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ் 1679ஆம் ஆண்டிலே தப்பிவந்து அடைக்கலம் புகுந்தது இவ்வூரிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையில். அதற்கு அண்மையிற் கடலை நோக்கிய மேட்டில், இலங்கையின் முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெறிக் நோர்த் 1801ஆம் ஆண்டுக்கும் 1804ஆம் ஆண்டுக்கும் இடையே மாளிகை ஒன்று கட்டுவித்தார். முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யும் காலத்தில் தங்குவதற்கு அமைந்த அம்மாளிகை கிரேக்கரின் டொறிக் தூண்முறையைத் தழுவியது. செங்கல்லாற் கட்டிச் சுண்ணச்சாந்து பூசிய கட்டடம் அது. ஊர்மக்கள் அதனை அல்லிராணி கோட்டை என்றே அழைப்பர். தேசாதிபதியின் பெயரை ஏடுகள் காத்தன. மக்கள் நாவோ முத்துக்கும் கடலுக்கும் உரிய தமிழ் அரசியின் பெயரை அதற்குச் சூட்டியது. இன்று கடலரிப்பினால் மேடு சரிந்து சரிந்து, அம்மாளிகையின் பெரும்பகுதி வீழ்ந்துவிட்டது.

முத்துச்சலாபம் நடைபெற்ற காலத்தில் இக்கரையின் தோற்றமே வேறு. மாசி, பங்குனி மாதங்களிற் கடல் அமைதியுற்றதும், சிலாவத்துறையிலும் கொண்டச்சியிலும் மறிச்சுக்கட்டியிலும் ஓலைக் குடிசைகளாலான நகரம் ஒன்று திடீரென முளைக்கும். கீழக்கரை, தூத்துக்குடிக் குளியாளரும் அராபியரும் மலையாளிகளும் யாழ்ப்பாணத்தவரும் அங்கே கூடுவர். சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டும் 'கடல்கட்டி' என்பவருக்கும் அங்கே இடமுண்டு. அவரில்லாது குளியாளர் கடலில் இறங்கார். எடுத்த சிப்பியில் அரசாங்கத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, குளித்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு. 1905ஆம் ஆண்டில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டிற் சலாபப் பார்கள் இருபது ஆண்டுக் குத்தகைக்கு இலண்டன் கம்பெனி ஒன்றிடம் அளிக்கப்பட்டன. சில ஆண்டுகளுள் பார்கள் வறண்டன, கம்பெனியும் முடங்கியது. பேராசை இயற்கையின் கணக்கை அறியாது.

இச்சலாபம் கலையுலகத்துக்குப் புதியதன்று. பிரெஞ்சு இசைவாணர் பிசே, இலங்கைக் கடற்கரையைக் களமாகக் கொண்டு முத்துக்குளிப்போரைப் பற்றி ஓர் இசைநாடகம் அமைத்து 1863ஆம் ஆண்டிற் பாரிசில் அரங்கேற்றினார். அவ்விசை இன்றும் உலக அரங்குகளில் ஒலிக்கின்றது. அதே காலத்தில் இக்கரையிற் கல்லைக் காலிற் கட்டி ஆழத்தில் இறங்கி, செவி கிழிந்து கண் சிவந்து மேலெழுந்தவர்களின் குரலைக் கேட்டவர் எத்தனை பேர்? கடலோரக் கலை வளாகம் ஒன்றின் தகுதியை அளப்பதற்கு இதனினும் சிறந்த அளவுகோல் இல்லை. தொலைவிலிருந்து நோக்கியவரின் கற்பனை மட்டும் அங்கு இடம்பெறுமா, உழைத்தவரின் பாட்டும் இடம்பெறுமா என்பதே வினா.

மன்னாருக்கு அத்தகைய பாட்டும் கூத்தும் குறைவில்லை. மாதோட்டப் பகுதியிலும் தீவிலும் கத்தோலிக்க மக்களிடையே விடியவிடிய ஆடப்பட்டு வந்த நாட்டுக்கூத்துக்களும் வாசாப்புக்களும் தனிமரபு உடையன. புனிதர் வரலாறும் ஐரோப்பிய அரச கதைகளும் தமிழ்த் தருவிலும் விருத்தத்திலும் கலந்து அங்கே தமிழாகிவிட்டன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் 'எண்டிறீக்கு எம்பரதோர்', 'மூவிராசாக்கள்', 'ஞானசவுந்தரி' முதலிய மன்னார் நாடகங்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தார். பேசாலையிலே பாஸ்கா நாடக மரபு உண்டு. கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டு உண்டு. முஸ்லிம் ஊர்களிற் பெண்கள் பின்னும் பன்வேலை உண்டு. கொச்சிக்குக் கட்டடம் இருந்தது, கலையை வெளியிலிருந்தும் அழைக்கவேண்டியிருந்தது. மன்னாரிற் கலை வீட்டிலேயே இருக்கின்றது, கட்டடந்தான் சரிந்துகொண்டிருக்கின்றது.

ஆகவே மன்னார்க் கரையிற் கலைக்கு இடம் அமைக்க எண்ணுவோர் சில நியதிகளை முன்னரே வகுத்துக்கொள்ளல் வேண்டும். முதலாவது, கட்டடத்தை உள்ளவாறே நிலைநிறுத்தல். அரிப்பு மாளிகையிற் சித்திரம் தொங்கவிடுவதற்கு முன் அது நிற்கும் மேட்டைக் கடலிலிருந்து காத்தாக வேண்டும். கோட்டையின் உட்கூடத்திலே கூத்து ஆடுவதற்குப் புதுக்கூரை வேண்டியதில்லை. களரியும் விளக்கும் போதும்.

இரண்டாவது, கடற்கரை தொழிற்களம் என்பதை மறவாமை. வள்ளம் ஏற்றுமிடம், வலை உலர்த்துமிடம், மீனவர் வாடி, கரைவலைப் பாடு ஆகிய யாவும் அம்மக்களின் வயலுக்கு ஒப்பானவை. வயலை அழித்துப் பூங்கா அமைத்தல் தகாது. 2020ஆம் ஆண்டிலே தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் இயங்கத் தொடங்கியபின், கரையின் மாற்றம் தம் தொழிலை எவ்வாறு தாக்குமோ என்னும் கவலை மீனவரிடையே வளர்ந்துள்ளது. கலையின் பெயரால் அக்கவலை பெருகலாகாது.

மூன்றாவது, வரலாற்றை முழுமையாகக் கூறுதல். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் மக்கள் கையிற் கொண்டதோடு இக்கரையிலிருந்தே புறப்பட்டனர். போரினாற் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இதே கடலைக் கடந்து தமிழகத்தில் அகதிகளாயின. சிலர் மீண்டனர், சிலர் மீளவில்லை. ஒல்லாந்தரின் கதையைச் சொல்லி இவற்றைச் சொல்லாது விடும் காட்சிக்கூடம் அழகியதாயினும் பொய்யானது.

இன்று இக்கரையைக் காணச் செல்வோருக்கு நுழைவுச்சீட்டும் வழிகாட்டிப் பலகையும் அதிகமில்லை. ஆயினும் ஒரே நாளிற் கோட்டையையும் பெருக்கமரத்தையும் தலைமன்னார் இறங்குதுறையையும் கண்டு, மறுநாள் மாந்தைக்கும் அரிப்புக்கும் சென்று மீளலாம். 2015ஆம் ஆண்டு முதற் புகையிரதமும் மீண்டும் தலைமன்னார்வரை செல்கின்றது. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் கட்டடங்களைக் காட்டுவதோடு அமையாது, அவ்வூர் முதியோரிடம் கூத்துப்பாட்டையும் சலாபக் கதையையும் கேட்டு எழுதிவருமாறு பிள்ளைகளைப் பணித்தல் நன்று. அரிப்பு மாளிகையின் அடுத்த தூண் எப்போது விழும் எனக் கடலே அறியும். அண்ணாவியார் ஒருவர் மறையும்போது அவர் நெஞ்சிலிருந்த நாடகமும் உடன் மறைவதை நாம் இன்றே அறிவோம். அதனை எழுதிக்கொள்வதற்குப் பண்டகசாலை எதுவும் வேண்டியதில்லை.